எண் இல்லாத கணக்கு

ஆடி மாதம், முதல் வெள்ளி

மலையேறி வீடு வந்து சேர்ந்தாயிற்று. டாக்டரே ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, "தினமும் தேதி போட்டு எழுதுங்க டீச்சர், மூளைக்கு நல்லது" என்றார். எழுதுகிறேன். தேதி போடுவதாக நான் வாக்குக் கொடுக்கவில்லை. இன்றைக்கு ஆடி வெள்ளி. அந்த அடையாளம் போதும்.

ஆழியார் தாண்டி மலை ஏறத் தொடங்கினால், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பலகை நிற்கும், இது எத்தனையாவது வளைவு என்று சொல்லிக்கொண்டு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பலகைகளை எண்ணிக்கொண்டுதான் வால்பாறைக்கு வருவேன். இன்றும் பலகைகள் நின்றன. பனிமூட்டமாக இறங்கிய மஞ்சுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தன. அவற்றின் மேல் கறுப்பாக ஏதோ வளைந்து வளைந்து வரைந்திருந்தது. அழகாகத்தான் இருந்தது.

"இன்னும் எத்தனை வளைவு கோமு?" என்று இவர் கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான். (இவர் என்றால் என் வீட்டுக்காரர், எஸ்டேட் ஆபீசில் வேலை. டாக்டர் இதை வாசித்தாலும் வாசிப்பார்.)

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. இந்த மழையில பலகையா தெரியுது?" என்றேன். பலகை நன்றாகத் தெரிந்தது.

சனி

டாக்டர் வாசிக்க இந்த நோட்டைக் கொடுக்கப் போவதில்லை. ஆகவே உள்ளதை எழுதிவிடுகிறேன்.

மே மாத லீவில் மூளையில் சின்னதாக ரத்தம் கட்டியது. வாய் கோணியது, கை விழுந்தது. வாய் திரும்பிவிட்டது. கையும் திரும்பிவிட்டது, சப்பாத்திக்கு மாவு பிசைகிற அளவுக்கு. எண்கள் மட்டும் திரும்பவில்லை. தாளில் ஓர் எண்ணைப் பார்த்தால் கோலத்தில் பாதியைப் பார்ப்பது போல இருக்கிறது. காதால் கேட்டால் வார்த்தை புரிகிறது, அது எவ்வளவு என்பது புரிவதில்லை.

டாக்டர் "எண்ணுங்க பார்ப்போம்" என்றபோது ஒன்று இரண்டு மூன்று என்று ஒப்பித்தேன். வாய்ப்பாடும் சொன்னேன். பாட்டு மாதிரி வந்துவிடுகிறது, நாக்குக்கு அது பழக்கம். அவரும் மகிழ்ந்துபோய் வேலைக்குப் போகலாம் என்று சான்றிதழ் எழுதிவிட்டார். நான் நடித்தேனா என்றால், ஆமாம், நடித்தேன்.

வேறென்ன செய்வது? கணக்கு டீச்சருக்கு எண் தெரியாது என்று தெரிந்தால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவார்கள். அப்புறம் எங்கேயாவது ஓர் ஆபீசில் தபால் பிரித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இந்த மலைக்கு வேறு கணக்கு டீச்சர் வரமாட்டார்கள், வந்தாலும் அட்டைப்பூச்சியைப் பார்த்துவிட்டு மறு பஸ்சில் இறங்கிவிடுவார்கள். அதெல்லாம் சாக்கு. எனக்கு வகுப்பு வேண்டும். அது இல்லாமல் நான் யார் என்று எனக்கே தெரியாது.

திங்கள்

ஒன்பதாம் வகுப்பு. ஆபீஸ் காலண்டரைப் பார்த்துத் தேதியைத் துண்டுச் சீட்டில் வரைந்துகொண்டு போய் அப்படியே கரும்பலகையில் வரைந்தேன். பிள்ளைகள் மூச்சு விடவில்லை. இத்தனை நாள் கழித்து வந்தும் என்மேல் அந்தப் பயம் இருக்கிறது, பரவாயில்லை.

பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் கறுப்புக் கோலங்கள் மொய்த்தன. அப்புறம் அந்தப் பாடம் வந்தது, சூத்திரங்களை மாற்றி எழுதுதல்.

v = u + at.

ஒரு கோலம் கூட இல்லை. வெறும் எழுத்துகள். ஒவ்வொன்றும் தன் இடத்தில் அமைதியாக நின்றது. t-ஐத் தனியாக நிறுத்த வேண்டுமா? u-வை அந்தப் பக்கம் அனுப்பு, கூட்டல் கழித்தலாகும். பெருக்கி நிற்கிற a-வை அனுப்பு, அது கீழே போய் வகுக்கும். என் கை தானாக ஓடியது. ஜன்னல் வழியாக மஞ்சு உள்ளே வந்து பலகையின் ஒரு பாதியை மூடியபோதும் நான் நிறுத்தவில்லை, அந்தப் பாதியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மஞ்சு விலகியதும் எல்லாம் சரியாக இருந்தது. அழுகை வந்துவிட்டது. சாக்பீஸ் தூசி என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

புதன்

முடிவு பண்ணிவிட்டேன். இந்தப் பாடத்தை விட்டு வெளியே வரப் போவதில்லை.

ஆடி அமாவாசை

சகாயராணி என்றொரு பெண், கடைசி பெஞ்ச், எஸ்டேட் தொழிலாளர் லயன் வீட்டுப் பிள்ளை. நல்ல பெண்தான், ஆனால் ஒரே தப்பை நாள் தவறாமல் செய்கிறாள். v − u என்பதை a-ஆல் வகுக்கச் சொன்னால், v-ஐ மட்டும் வகுத்துவிட்டு u-வை அப்படியே விட்டுவிடுகிறாள்.

"ஏன்டி, பந்தியில ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. ஒருத்தருக்கு மட்டும் எலை போட்டா இன்னொருத்தர் சும்மா விடுவாரா?"

"விடமாட்டாரு டீச்சர்."

"அப்ப u என்ன பாவம் பண்ணுச்சு? அடைப்புக்குறி போட்டு ரெண்டு பேரையும் சேத்து உக்கார வை. வகுத்தா எல்லாரையும் சேத்துத்தான் வகுக்கணும்."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மணி அடித்தபின் என்னிடம் வந்து நின்றாள். "டீச்சர், இந்த மாசப் பரீட்சையில கணக்குல பெயிலானா எங்கப்பா படிப்ப நிறுத்திருவேன்னு சொல்லிருக்காரு. திருப்பூர்ல எங்க மாமா இருக்காரு, அங்க பனியன் கம்பெனிக்கு அனுப்பிருவாரு."

"பெயிலாவியா நீ? நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். சொன்ன பிறகு, நான் எதற்கு இருக்கிறேன் என்று எனக்கே கேள்வி வந்தது.

வெள்ளி

வகுப்புத் தலைவி பெனாசிர். துருதுருவென்று இருப்பாள், வாய் கொஞ்சம் நீளம். இப்போது என்னவோ பொறுப்பு வந்துவிட்டது. நான் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே பலகையில் தேதி எழுதிவைத்துவிடுகிறாள். வருகைப் பதிவேட்டைத் திறந்தால், "நான் கட்டமெல்லாம் நிரப்பிட்டேன் டீச்சர், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்கிறாள். பக்கம் சொல்ல வேண்டிய நேரத்தில், "அந்த ராக்கெட் படம் இருக்கே டீச்சர், அதுக்கு எதுத்த பக்கம்தானே?" என்று அவளே கேட்கிறாள். நான் "ஆமா, அதுவேதான்" என்கிறேன்.

சூத்திரமும் தைரியமுமாகச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

இவர்தான் தொந்தரவு. ஓயாமல் ரேடியோ மாதிரி நேரம் சொல்கிறார். "மணி எட்டரை ஆச்சுப்பா." "பஸ்சுக்கு இன்னும் ஒரு காப்பி குடிக்கிற நேரம் இருக்கு." என் போனில் எதை அமுக்கினால் யாருக்குப் போகும் என்று புரியட்டும் என்று பொத்தான்கள் மேல் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறார், சிவப்புப் பொட்டு அவர், பச்சைப் பொட்டு என் தங்கை. வயதாக ஆகக் குழந்தைத்தனம் கூடுகிறது மனுஷனுக்கு.

செவ்வாய்

மழை. பகல் முழுக்க விளக்குப் போட்டுத்தான் வகுப்பு.

மதியம் ஸ்டாஃப் ரூமில் கண் அசந்துவிட்டேன். கனவில் ஒரு பஸ் ஸ்டாண்டு. பஸ்கள் எல்லாம் வருகின்றன, எதற்கும் எண் இல்லை. நெற்றியில் எழுத்து மட்டும். நான் t பஸ்சுக்காக நிற்கிறேன். ஒவ்வொரு பஸ்சாக என்னைத் தாண்டி அந்தப் பக்கம் போய்த் திரும்பி நிற்கிறது. எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இந்தப் பக்கம் நான் மட்டும் தனியாக, பக்கத்தில் ஒரு சமக்குறி. பயமாக இல்லை. நல்ல குளிர்ச்சியாக, நிம்மதியாக இருந்தது. எழுந்தபோது காலில் அட்டை கடித்திருந்தது, செருப்பெல்லாம் ரத்தம்.

சுதந்திர தினம்

கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் எங்கள் தலைமையாசிரியை ஹெலன் மேடம் கூப்பிட்டார்கள். "கோமளா டீச்சர், ஒன்பதாவது நோட்டுகளப் பாத்தேன். இன்னமும் அதே பாடமா? வட்டிக் கணக்கு, சுற்றளவு ஒண்ணையும் காணோமே?"

"அடித்தளம் பலமா இருக்கணும் மேடம். எழுத்து வந்துட்டா எண்ணு தன்னால வரும்."

மேடம் நோட்டுகளை அடுக்கி வைத்தார்கள். "திங்கக்கிழமை நான் வந்து உக்காருறேன்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து மிட்டாயை இவரிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

திங்கள்

மேடம் கடைசி பெஞ்சில் சகாயராணி பக்கத்தில் உட்கார்ந்தார்கள். y = mx + c எழுதி, x-ஐத் தனியே எடுங்கள் என்றேன். எடுத்தார்கள். ஒரு பிள்ளை விடாமல் எல்லாரும் அடைப்புக்குறி போட்டார்கள், சகாயராணி கூட! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"நல்லாயிருக்கு. இப்ப எண்ணு குடுத்து ஒரு கணக்குப் போடுங்க டீச்சர்" என்றார்கள் மேடம்.

பலகை ரொம்ப தூரத்தில் இருந்தது. நான் அதை நோக்கித் திரும்புவதற்குள் பெனாசிர் எழுந்துவிட்டாள்.

"மேடம், எங்க கிளாசுல எண்ணு குடுக்கறது எங்க வேலை. டீச்சர் சூத்திரம் தருவாங்க, நாங்கதான் எண்ணு போட்டுக் கண்டுபிடிப்போம். அப்பதான் மறக்காதாம்."

விடுவிடுவென்று வந்து எழுதினாள். இன்னொருத்தி எழுந்து, "தப்பு, அது கழித்தல்" என்றாள். ஒரே கூச்சல். மேடம் சிரித்துக்கொண்டே, "புது முறையா இருக்கே, பரவால்ல" என்று என் பாடக்குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

கழுதை என்ன சமயோசிதம்! வாய் நீளமாக இருப்பதும் சில நேரம் நல்லதுக்குத்தான். அவளுக்கு எப்படி அந்த யோசனை வந்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள்

மாதப் பரீட்சை முடிந்தது. கேள்வித்தாள் நான் தயாரித்தது, முழுக்க எழுத்து. கேள்விக்கான மதிப்பெண்களை மட்டும் பெனாசிர் ஓரத்தில் எழுதினாள், "உங்களுக்கு எதுக்கு டீச்சர் சிரமம்?" என்று.

விநாயகர் சதுர்த்தி

கொழுக்கட்டை வேலை ஒரு பக்கம், விடைத்தாள் ஒரு பக்கம். திருத்துவது சுகமாக இருந்தது. எழுத்துகளில் என் கண் இன்னும் பழைய கண்தான், ஒரு குறி மாறினாலும் பிடித்துவிடுவேன். டிக் போட்டுக்கொண்டே போனேன். மாவு ஒட்டிய விரல் ரேகை சில தாள்களில் பதிந்துவிட்டது.

வியாழன்

பெனாசிர் டிக்கை எல்லாம் எண்ணிக் கூட்டி ஒவ்வொரு தாளின் தலையிலும் எழுதிக் கொடுத்தாள். "ரேங்க் கார்டுலயும் நானே ஏத்திரட்டுமா டீச்சர்?" என்றாள்.

"அதெல்லாம் பிள்ளைங்க எழுதக் கூடாது" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரேங்க் கார்டு என் கையெழுத்தில்தான் போக வேண்டும், இத்தனை வருஷமும் அப்படித்தான் போயிருக்கிறது.

இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் எழுதித் தரட்டுமா கோமு? நீ வாசிக்க வேணாம், தாள எடுத்து மட்டும் குடு."

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

சுருக்கென்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய்ப் பால் காய்ச்சினார். நான் ஒவ்வொரு வளைவாகப் பார்த்துப் பார்த்துக் கார்டில் வரைந்தேன். கண் எரிந்தது, கடைசிக் கார்டுகளுக்கு வரும்போது வளைவுகள் எல்லாம் தாளை விட்டு எழுந்து மிதக்கத் தொடங்கின. இருந்தாலும் முடித்துவிட்டேன். பொறாமைப்படுகிற அளவுக்கு அழகான கையெழுத்து.

வேளாங்கண்ணி மாதா கொடியேற்றம்

விடைத்தாளும் கார்டும் கொடுத்தேன். எல்லாரும் வாங்கிப் பார்த்தார்கள். சகாயராணி மட்டும் கார்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பெனாசிர் எட்டிப் பார்த்து வாயைத் திறந்தாள், சகாயராணி அவள் காலை மிதித்த மாதிரி இருந்தது. அந்த வயதில் ஏதாவது இருந்துகொண்டே இருக்கும்.

"என்னடி, சந்தோஷமா?" என்றேன்.

"சந்தோஷம்தான் டீச்சர்."

திங்கள்

சகாயராணி வரவில்லை.

புதன்

இன்றும் வரவில்லை. பாஸ் ஆனதும் தலைக்கனம் வந்துவிட்டது போலிருக்கிறது. வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

வகுப்பில் யாரும் சரியாகப் பேசுவதில்லை. பெனாசிர் தேதியைக் கூட மறந்துவிட்டாள், பலகை வெறுமனே கிடந்தது.

வெள்ளி, ஓணம்

பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்தது. வகுப்பில் u ஏன் தனியாக நிற்கிறது என்று யாரோ கேட்டார்கள். கடைசி பெஞ்சைப் பார்த்தேன். காலி.

மாதா பிறந்தநாள்

பள்ளி விட்டதும் லயன் வீடுகளுக்கு நடந்தேன். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, மஞ்சு இடுப்பளவு. கீழே சர்ச்சில் பாட்டுக் கேட்டது, ஆட்களைக் காணோம். பாட்டு மட்டும் மஞ்சுக்குள் நடந்து வந்தது. கனவா நிஜமா என்று நின்று நின்று பார்த்துக்கொண்டேன்.

சகாயராணியின் அம்மா அருள்மேரி கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "வாங்க டீச்சரம்மா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மூலையில் ஒரு பை கட்டி வைத்திருந்தது. அதன் மேல் மடித்து வைத்த சுடிதார்.

"ஞாயித்துக்கிழமை இவ மாமன் வந்து கூட்டிட்டுப் போறாரு டீச்சரம்மா. அவங்கப்பா சொன்னா சொன்னதுதான். பாஸ் பண்ணியிருந்தா நானே சண்டை போட்டிருப்பேன்."

"பாஸ்தானே பண்ணியிருக்கா?"

அருள்மேரி கார்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இருபத்தேழுன்னு போட்டிருக்கே டீச்சரம்மா."

இருபத்தேழு. அந்த வார்த்தை கேட்டது. அது பெரிதா சிறிதா என்று எனக்குத் தெரியவில்லை. அருள்மேரியின் முகத்தைப் பார்த்தேன். சிறிது என்று தெரிந்துகொண்டேன்.

"விடைத்தாள் எங்கே?"

"பேப்பர் இன்னும் குடுக்கலன்னு சொன்னா."

நான் என் கையால் கொடுத்தேனே! சமையலறை வாசலில் சகாயராணி நின்றாள். "தொலஞ்சு போச்சு டீச்சர்" என்றாள் தரையைப் பார்த்து.

"பையத் தொற."

பைக்குள் துணிகளுக்கு அடியில் இருந்தது, சின்னதாக மடித்து. விரித்தேன். எழுத்துகள். ஒவ்வொரு வரியாக வாசித்தேன். t-ஐத் தனியாக எடுத்திருக்கிறாள், அடைப்புக்குறி போட்டு, இருவரையும் சேர்த்து உட்காரவைத்து வகுத்திருக்கிறாள். டிக். அடுத்த பக்கம், டிக். ஒரு கணக்கு விட்டுப்போயிருந்தது, இன்னொன்றில் குறி தப்பு. மற்றதெல்லாம் டிக், டிக், டிக். ஓரத்தில் என் மாவுக் கை. இவ்வளவு சரியாக எழுதிய பெண்ணுக்குச் சிறிய எண் எப்படி வரும்?

விடைத்தாள் சரி. டிக் போட்டது சரி. கூட்டிய பெனாசிர் கெட்டிக்காரி. ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் அனுப்பினேன். இந்தப் பக்கம் மிஞ்சியது நான்.

விடைத்தாளையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தாளில் இடப்பக்கம் ஒரு கொக்கி, வலப்பக்கம் ஒரு வாத்து. கார்டில் வாத்து இடப்பக்கம், கொக்கி வலப்பக்கம். எனக்கு எண் தெரியாது. ஆனால் எது எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பது தெரியும், வாழ்நாள் பூராவும் அதைத்தானே சொல்லிக் கொடுத்தேன்.

"இது தெரியுமா உனக்கு?"

தலையை ஆட்டினாள்.

"அன்னைக்கே தெரியுமா?"

"ம்."

"பாவி மகளே, ஏன்டி வாயத் தொறக்கல?"

"சொன்னா உங்களுக்குப் பரிச்ச வச்சு வெளிய அனுப்பிருவாங்கல்ல டீச்சர்?" அழத் தொடங்கிவிட்டாள். "மொத நாளே எல்லாருக்கும் தெரியும். போர்டுல தேதி போட்டீங்கல்ல, ஒவ்வொண்ணும் திரும்பிக் கெடந்துச்சு. அன்னைக்கே பெனாசிர் சத்தியம் வாங்கிட்டா, ஒருத்தரும் வெளிய சொல்லக் கூடாதுன்னு."

முதல் நாள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்களே. பயம் என்று நினைத்தேன்.

"அதுக்காக நீ பனியன் கம்பெனிக்குப் போவியா?"

"நான் போனா ஒருத்திதான டீச்சர். நீங்க போனா கிளாஸ் பூராவும் போச்சுல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அறைந்திருப்பேன். அதற்குப் பதிலாகக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "எல்லாரையும் விட்டுட்டு உன்ன மட்டும் வகுத்துக்கிட்டியேடி" என்றேன். எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் கடைசியில் அதே தப்பைத்தான் செய்திருக்கிறாள். இல்லை, தப்பு செய்தவள் நான். அவள் அதைச் சுமந்துகொண்டு ஒரு வாரம் இந்த இருட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

அருள்மேரிக்கு ஒன்றும் புரியவில்லை. அவளிடம்தான் முதலில் சொன்னேன். "உம் பொண்ணு நல்லா எழுதியிருக்கா. தப்பு நான் போட்டது. எனக்கு உடம்பு சரியில்லாமப் போனதுல இருந்து எண்ணு தெரியாது, அருள்மேரி." முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும் மலை ஒன்றும் இடிந்து விழவில்லை. அவள் உள்ளே போய்ப் பால் இல்லாத கட்டங்காப்பி போட்டு வந்து கொடுத்தாள்.

செவ்வாய்

நேற்று இரவே இவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். எப்போதிலிருந்து என்றேன். "மலை ஏறி வந்தமே, அன்னைக்கு. நீ எப்பவும் கடைசி வளைவுல கை தட்டுவ. அன்னைக்குத் தட்டல." பொட்டும் ரேடியோவும் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷனைக் குழந்தை என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போவதில்லை, என் புத்திசாலித்தனம் அப்படியே இருக்கட்டும்.

காலையில் ஹெலன் மேடம் முன்னால் தாளையும் கார்டையும் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சான்றிதழுக்காக நடித்ததையும் சொன்னேன். மேடம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்கள். வெளியே மஞ்சைத் தவிர ஒன்றுமில்லை.

"நான் மேல எழுதித்தான் ஆகணும் டீச்சர்."

"எழுதுங்க மேடம்."

"போர்டு என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது. மொதல்ல அந்தக் கார்ட மாத்துங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள."

மேடமே பேனாவை எடுத்து அடித்து, சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். "எழுபத்தி ரெண்டு" என்று சத்தமாகவும் சொன்னார்கள். பெரிது என்று அவர்கள் குரலிலேயே தெரிந்தது.

வெள்ளி

சகாயராணியின் அப்பா பள்ளிக்கு வந்தார். தேயிலை ஃபாக்டரி வாட்ச்மேன், பேச்சுக் குறைவு. புதுக் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம், "அப்ப எம் புள்ள பொய் சொன்னது உங்களுக்காகவா?" என்றார். ஆமாம் என்றேன். "சரி" என்றார். பை பிரித்தாயிற்று என்று மதியம் பெனாசிர் சொன்னாள்.

இரவு தூக்கம் வந்தது. கனவு எதுவும் இல்லை.

15.9, திங்கள்

மேலே இருப்பது என் கையெழுத்து இல்லை.

மெடிக்கல் போர்டுக்கு வரச்சொல்லி இன்னும் கடிதம் வரவில்லை. வந்தால் போக வேண்டும், அனுப்பினால் போக வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. அதுவரை வகுப்பில் நான் இருக்கலாம், எண்களைத் தொடக் கூடாது, பதிவேடும் மதிப்பெண்ணும் அறிவியல் டீச்சர் பார்ப்பார்கள் என்பது மேடம் செய்த ஏற்பாடு.

இன்றைக்குத் தைரியமாக, இத்தனை நாள் தாண்டிப் போன வெப்பநிலைச் சூத்திரத்தை எடுத்தேன். அதில் எழுத்தும் உண்டு, எண்ணும் உண்டு. எழுத்துகளை நான் எழுதினேன். எண் வர வேண்டிய இடங்களில் வெறும் கட்டம் போட்டேன். "வாங்கடி, வந்து நிரப்புங்க" என்றேன். முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். நான் மேசை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக மஞ்சு வந்து பலகையையும் பிள்ளைகளையும் மூடியது. குரல்கள் மட்டும் கேட்டன, "அந்தப் பக்கம் கொண்டு போ", "குறிய மாத்து", "அடைப்புக்குறி எங்கடி?" என்று.

மஞ்சு விலகியதும் நோட்டைத் திறந்தேன், இதை எழுத. சகாயராணி எட்டிப் பார்த்தாள்.

"தேதி போடலையா டீச்சர்?"

பேனாவை அவளிடம் கொடுத்தேன். "நீ போடு."

நாக்கைக் கடித்துக்கொண்டு நிதானமாக எழுதினாள்.

"எது எந்தப் பக்கம்னு பாத்துப் போட்டியா?"

"நான் என்ன உங்கள மாதிரியா?" என்றாள். சொன்னபிறகுதான் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

வகுப்பு ஒரு நொடி என்னைப் பார்த்தது. நான்தான் முதலில் சிரித்தேன்.